மழைக் கணக்கு

சிரம்பானில், தெமியாங் பக்கம் நாங்கள் இருந்த பால்மரத் தோட்டத்தில், இரவில் மழை பிடித்தால் அம்மா தூங்கமாட்டார். பட்டை நனைந்திருந்தால் பால், அதைப் பிடிக்கும் மங்கில் இறங்காது. மரமெல்லாம் வழிந்து தண்ணீரோடு போய்விடும். விடியலில், ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் தண்டல் "இன்னிக்கு வெட்டு இல்ல" என்றால் அன்றைய சம்பளமும் இல்லை. ஆபீஸ் வாசலில் இருந்த மழைமானியைப் பார்த்துக் கணக்கெழுதும் கிராணி புத்தகத்தில் குறித்துக்கொள்வார்.

அந்தத் தோட்டங்கள் காட்டை அழித்து வந்தவைதான். ஆனாலும் சரிவில் விழுந்த மழையை அங்கேயே பிடித்துவைக்கும் வேலை அங்கே நடந்தது. மேட்டின் வளைவோடு வெட்டிய படிகள், நீரையும் மண்ணையும் தேக்கும் குழிகள், நிரைகளுக்கு நடுவே தரையை மூடிப் படர்ந்த கொடி. வெட்டியதும் நட்டதும் எங்கள் ஆட்கள். இன்று அந்தச் சரிவுகளில் வீடுகள், தார், சிமெண்டு. பெய்கிற மழை நிற்க இடமில்லாமல் தெமியாங் ஆற்றுக்கு ஓடி, லிங்கியில் விழுகிறது.

மழை நிற்க இடமில்லாத ஊர் எப்படியிருக்கும் என்பதை, 2024 ஏப்ரல் 16 அன்று துபாயிலிருந்து கூப்பிட்ட அக்கா மகன் சொன்னான். "மாமா, ரோட்டுல காரெல்லாம் மிதக்குது!" 1949இல் பதிவு தொடங்கியதிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் காணாத மழை. அதற்கு நான்கு மாதத்துக்கு முன் அதே நகரில்தான் ஐ.நா.வின் 28ஆவது பருவநிலை மாநாடு கூடி, நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து விலகுவோம் என்று முதன்முறையாக எழுதிவைத்தது. 2050க்குள் நிகரக் கரிம வெளியேற்றம் இல்லாத நகரமாவோம் என்று உறுதி சொன்ன ஊர். பாலைவனத்தில் பெரிய சூரிய மின்பூங்கா அமைக்கிறது. வெயிலுக்குத் திட்டம் இருந்தது, மழைக்கு வடிகால் போதவில்லை. அதே 2024 ஜூனில் 3,000 கோடி திர்ஹாமில் வடிகால் திட்டம் அறிவித்தார்கள். 2033இல் முடியவேண்டும். தாமதம்தான், ஆனால் அதில் தொகையும் ஆண்டும் இருப்பதால் நாளை கேள்வி கேட்கலாம்.

நம் மலேசியாவின் வாக்குறுதி, 2005ஐ ஒப்பிட்டு 2030க்குள் 45 சதவீதக் குறைப்பு. குறைவது மொத்தப் புகை அல்ல; ஒவ்வொரு ரிங்கிட் உற்பத்திக்கும் எழும் புகையின் அளவு. பொருளாதாரம் வேகமாக வளர்ந்தால் மொத்தப் புகை கூடியபடியே இலக்கையும் தொட்டுவிடலாம். இது எனக்குப் போதாது. 2021இல் தொடங்கிய பத்துக் கோடி மரம் நடும் இயக்கத்தை மனதார வரவேற்கிறேன். ஆனால் பால்மரக் கன்று வெட்டுக்கு வர ஆறேழு வருடம் காத்துப் பராமரித்த குடும்பம் எங்களுடையது. நட்ட கன்றுகளில் எத்தனை நிற்கின்றன என்ற கணக்கும் எனக்கு வேண்டும்.

சிரம்பான் மாநகர் மன்றத்திடம் நான் கேட்பது ஒன்று. பழைய தோட்டங்களின் மழைப் புத்தகங்கள் எங்காவது மிஞ்சியிருந்தால் தேடி எடுங்கள்; இந்த மேடுகளில் எந்த மாதம் எவ்வளவு பெய்தது என்று அவற்றில் இருக்கும். குழி வெட்டிய பெரியவர்கள் சிலர் இன்னும் தெமியாங்கில் இருக்கிறார்கள். அடுத்த வடிகால் வரைபடம் போடும்போது அவர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள்.