எதிரிக்கு வேலை வைக்காத மின்தொகுப்பு

பெறுநர்: மத்திய மின்துறை அமைச்சகம், புது தில்லி.
பொருள்: 2012 ஜூலை 30, 31 மின்தடைக்குப் பாராட்டு தெரிவித்தல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய அமைச்சகத்துக்கு,

கணுக்களும் அவற்றை இணைக்கும் தொடர்புகளும் கொண்ட சிக்கலான வலைப்பின்னல்களை ஆராய்ந்து ரேகா ஆல்பர்ட், ஹாவூங் ஜியோங், பாராபாசி ஆகிய மூவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, இணையம் போன்ற அமைப்பில் கணுக்கள் தற்செயலாகப் பழுதானால் பெரும் பாதிப்பு நேராது என்றும், மிகுதியான தொடர்புள்ள கணுக்களைத் தேடிப்பிடித்துத் தாக்கினால் அது விரைவில் சிதறும் என்றும் காட்டியது. அவ்வாறு தாக்க இடமறிந்த எதிரி ஒருவன் வேண்டும். அவனுக்கு அந்தச் சிரமத்தைக்கூடத் தராத பெருந்தன்மைக்காகவே இம்மடல் வரையப்படுகிறது.

மேற்கு மண்டலத்தையும் வடக்கு மண்டலத்தையும் இணைத்த 400 கிலோவோல்ட் பினா–குவாலியர் தடத்தில் ஒரு சுற்று தரம் உயர்த்துவதற்காக நிறுத்தப்பட்டிருந்த வேளையில், வட மாநிலங்கள் தத்தம் ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்க, பாரம் எஞ்சிய சுற்றின் தலையில் விழுந்தது. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டுக் கோளாறு எவ்வளவு தொலைவில் உள்ளது எனக் கணிக்கும் ரிலே என்னும் காவற்கருவி, அழுத்தம் தாழ்ந்து ஓட்டம் மிகுந்ததைக் கண்டு, கம்பியில் கோளாறு ஏதும் இல்லாதபோதே ஷார்ட் சர்க்யூட் என்று முடிவுகட்டி, 30ஆம் தேதி அதிகாலை 2.33 மணிக்கு அதனைத் துண்டித்தது. சுமை மற்றத் தடங்களுக்குத் தாவ, அவையும் தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. தொடர்வீழ்ச்சி எனப்படுவது இதுவே. அலைவெண் குறைந்தால் சில பகுதிகளைத் துண்டித்து மற்றவற்றைக் காக்க வேண்டிய ரிலேக்களோ போதிய அளவில் இயங்கவில்லை.

மறுநாள் பகல் 1 மணியளவில் அதே தடம் அதே முறையில் மீண்டும் துண்டானதால், வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் சரிந்து, ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பரப்பில் மின்சாரம் போயிற்று. அன்றே மின்துறை அமைச்சர் சுஷில்குமார் ஷிண்டே உள்துறை அமைச்சராக உயர்த்தப்பட்டது, சாதனையை உரிய நேரத்தில் அங்கீகரிக்கும் அரிய மரபாகும்.

தெற்கு மண்டலம் நேர்மின்சார இணைப்புகளால் மட்டுமே பிணைக்கப்பட்டிருந்ததால் இச்சரிவு அங்கே பரவவில்லை. (தமிழகம் அவ்வாண்டில் பிறர் உதவியின்றியே நாள்தோறும் பல மணி நேரம் இருண்டுகொண்டிருந்தது.) 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் வழியே தெற்கும் ஒரே தொகுப்பில் சேர்க்கப்பட்டுவிட்டதால், இனி எவரும் விடுபட்டதாக மனக்குறை கொள்ள வழியில்லை.

ஆகவே, ஒரு சுற்றை நிறுத்தும் நாளில் மற்றதன் சுமையைக் குறைக்கவும், அலைவெண் ரிலேக்கள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என அவ்வப்போது சோதிக்கவும், பதவி உயர்வு ஆணைக்குக் காட்டிய வேகத்தில் ஆவன செய்யுமாறு அமைச்சகம் பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
மின் நுகர்வோர்