சிங்கத்துக்குச் சீர் கொண்டு போறயா கண்ணு?

அட, வா கண்ணு. இதென்றா, திண்ணை பத்தாம வாசல் வரைக்கும் பொட்டி? சிங்கம் பாக்கப் போறயா, சிங்கத்துக்குப் பொண்ணு பாத்து சீர் கொண்டு போறயா?

கோவிச்சுக்காத. நல்லாத்தான் வாங்கியிருக்கற. சக்கரம் வெச்ச கெட்டிப் பொட்டி ரெண்டு. உருட்டிட்டே போ. ஆனா நைரோபியில வில்சன் ஏர்போர்ட்டுன்னு ஒண்ணு இருக்குது. நீ சிங்கம் பாக்கற மாசாய் மாராக் காட்டுக்குப் போற குட்டி ஏரோப்ளேன் அங்கிருந்துதான் கெளம்பும். நம்ம மினிபஸ்ஸுக்கு றெக்கை ஒட்டுனாப்பல இருக்கும். ஆளுக்கு 15 கிலோதான் ஏத்துவாங்க, கேமரா, தோள்பை எல்லாஞ் சேத்து. பையும் துணிப்பையா இருக்கோணும். ஏரோப்ளேன் வவுத்துக்கடியில ஒரு பொந்து, அதுக்குள்ளதான் அமுக்கித் திணிப்பாங்க. உன்ர பொட்டி வெறுசாவே அஞ்சு கிலோ வருமாட்ட இருக்குது. பரவால்ல, நீ போயி சிங்கம் பாரு, பொட்டி நைரோபியில இருந்து ஊரு பாக்கட்டும்.

உன்னையாட்டவே ஒருத்தரு போனாராம். அமெரிக்காவுல பிரசிடெண்டா இருந்து எறங்குன கையோட, 1909-ல, ரூஸ்வெல்ட்டுங்கறவரு. எரநூறு பேருக்கு மேல சொமையாளுக. வேட்டையாடுன தோலுக்குப் போட டன் கணக்குல உப்பு. படிக்கறக்கு ஒரு பொட்டி புஸ்தகம், அத்தனைக்கும் பன்னித்தோல்ல அட்டை. ராசிக்குன்னு குத்துச்சண்டைக்காரரு ஒருத்தரு குடுத்த முசக்காலு வேற. இதெல்லாம் சின்ன மாப்பிள்ளை சொன்ன கதை. அவருக்குத் தூக்க ஆள் இருந்துச்சு. உனக்கு இருக்கறது கூட வர்ற உன்ர மச்சான் ஒருத்தன். அவன் மணியடிக்கற போனையே தூக்க மாட்டான்.

இதென்ன, பட்டாளத்துச் சட்டையா? நல்லாருக்குது. ஜீப்புல குக்கியிருக்கறவன் புதராட்டத் துணி போட்டா சிங்கம் ஏமாந்து போயிருமாக்கும்! ஜிம்பாப்வே, ஜாம்பியாப் பக்கமெல்லாம் பொதுசனம் இதைப் போடப்படாது, போலீஸ்காரன் புடிச்சுக்குவான். நீ போற கென்யாவுலயும் டான்சானியாவுலயும் எதுக்கு வம்பு? இங்கயே வுட்டுட்டுப் போ, சோளக்கொல்லை பொம்மை துணியில்லாம நிக்குது.

துணின்னதும் என்ர கதை நெனப்பு வருது. உங்க சித்தி நைரோபியில இருந்தப்ப, “அப்பா, சஃபாரி போலாம் வாங்க”ன்னு போன்ல சொன்னா. சஃபாரின்னா நமக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அந்தக் காலத்துல ஆபீசருக எல்லாம் போட்டுட்டு வருவாங்களே, மேலயும் கீழயும் ஒரே துணியில. டவுனுக்குப் போயி கருநீலத்துல ஒண்ணு தெச்சுப்போட்டேன். நாலு ஜோப்பு. அங்க போயித்தான் தெரிஞ்சுது, சுவாஹிலி பாஷையில சஃபாரின்னா வெறும் பயணம்னு. பருத்திக்கொட்டை வாங்கப் பல்லடம் போனாலும் அது சஃபாரிதான்.

அதோட வுட்டுதா? டான்சானியாவுல தாராங்கிரேன்னு ஒரு காடு. யானை மந்தை மந்தையா நிக்கும். வண்டி உள்ள போகையில மரத்துல நீலமும் கருப்புமா துணி தொங்குச்சு. காவல் தெய்வத்துக்குக் கட்டியிருக்காங்களாட்ட இருக்குதுன்னு கையெடுத்துக் கும்புட்டுட்டேன். டிரைவரு சிரிச்சுப்போட்டாரு. அது செட்சி ஈய்க்கு வெச்ச பொறியாம். அந்த ஈய்க்கு நீலமும் கருப்பும்னா உசுரு, வந்து ஒக்காந்தா துணியில தடவுன மருந்துல செத்துப்போகும். சொல்லிட்டே திரும்பி என்னைப் பாத்தாரு. அப்பறம் ஒண்ணும் பேசல. வண்டியில அஞ்சு பேரு. நாலு பேரை வுட்டுப்போட்டு அத்தனை ஈயும் என்ர மேலதான். பொறியில மருந்திருக்குது, என்ர சஃபாரியில டெய்லர் கூலிதான் இருக்குது. நம்மூரு மாட்டு ஈயெல்லாம் இதுக்கு முன்னால கொழந்தை. துணி மேலயே குத்தி எடுத்துப்போடும். தூக்க வியாதி பரப்பற ஈ அதுன்னாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி அரிப்புல பொட்டுத் தூக்கமில்ல. அதனால காக்கி, மண்ணு கலரு, சாணிக் கலரு, இதுல மூணு செட்டு போதும். மூணுக்கு மேல எதுக்கு? தங்கற எடத்துல பெரும்பாலும் தொவைச்சுக் குடுத்துருவாங்க. உள்துணியை மட்டும் நீயே அலசிக்கோணும், ஜட்டியை ஊரான் கையில குடுக்காத.

ஆப்பிரிக்கான்னா அனல்னு அரைக்காலு டவுசரா அடுக்கியிருக்கற, பேஷ்! டான்சானியாவுல இருக்கற ங்கொரொங்கோரோ பள்ளத்தோட மேல் விளிம்பு நம்ம ஊட்டி ஒசரத்துக்குக் கொறையாது. மாராவே 1,500 மீட்டருக்கு மேல. நீ போறது ஆடி மாசம். வெடியால ஆறு மணிக்குக் கூரையைத் தொறந்துட்டு வண்டி போகையில, பல்லு தானா தாளம் போடும். ஸ்வெட்டரும் மப்ளரும் எடுத்துக்க. பத்து மணிக்கு மேல கழட்டி மச்சான் தலையில போட்டுக்கலாம்.

கேமராவுக்கு முக்காலி வேறயா? வண்டிக்குள்ள அதை எங்க விரிப்பே, டிரைவர் மடியிலயா? மஞ்சப்பை ஒண்ணு காலியா மடிச்சு வெய்யி. அங்க போயி ரெண்டு கிலோ பயிறு வாங்கி ரொப்பி, வாயைக் கட்டி, வண்டி விளிம்புல போட்டு அது மேல லென்ஸை வெய்யி. இஞ்சினை நிறுத்திட்டா ஒரு பொட்டு ஆடாது. வரையில பயிறை சமையக்காரருக்குக் குடுத்துட்டு வந்துரு. மஞ்சப்பைன்னா உனக்குச் சிரிப்பு! உங்கம்மா ஒவ்வொரு சட்டையையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருக்கறாளே, அதைக் கொண்டு போனீன்னாத்தான் அங்க சிரிப்பாங்க. கென்யாவுல பிளாஸ்டிக் பைக்கு 2017 ஆகஸ்ட்டுலயே தடை. 40 லச்சம் ஷில்லிங் வரைக்கும் தண்டம், நாலு வருசம் வரைக்கும் ஜெயிலுன்னு சட்டம். டான்சானியாவுல 2019 ஜூன்ல இருந்து தடை.

பைனாகுலரு ஒண்ணே ஒண்ணா? புதுசாக் கண்ணாலம் ஆனவனாச்சே, ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணுன்னு அன்பா வாங்கியிருக்கற. சிறுத்தை மரத்துல இருந்து எறங்கறக்கு எத்தனை நேரமாகும்? “எனக்குக் குடு, எனக்குக் குடு”ன்னு நாங்க அடிச்சுக்கிட்டதுல, நான் பாத்தது உங்க சித்தியோட முழங்கைதான். ஆளுக்கு ஒண்ணு வேணும். எட்டுக்கு நாப்பத்திரெண்டுன்னு கடையில கேளு. எச்சாப் பெருசாக்கற சாமான் கை நடுங்குனா காட்டையே ஆட்டிப்போடும்.

தலையில மாட்டற டார்ச்சு வாங்கியிருக்கற, அது ஒண்ணு உருப்படி. நீர்யானை ராத்திரிதான் கரையேறிப் புல்லு மேயும். அதனால காவக்காரரு கூட வந்து உன்னை டெண்ட்டுல வுட்டுட்டுப் போவாரு. போன்லயே வெளிச்சம் இருக்குதும்பே. ஒரு கையில வேட்டி, ஒரு கையில செம்பு, போனை எதுல புடிப்பே? இந்தக் கத்தியை இங்கயே வெச்சுரு, சிங்கம் பாத்தா உன்ர மரியாதைதான் போகும். முறுக்கு டின்னை டெண்ட்டுல வெக்காத, கொரங்கு ஜிப்பைத் தொறந்து எடுத்துட்டுப் போயிரும். இட்லிப் பொடியை எடுத்துக்க. ஆனா ஏர்போர்ட்டுல கேட்டா அதுக்கு இங்கிலீசுல வெச்சிருக்கற வெடிமருந்துப் பேரைச் சொல்லித் தொலைக்காத.

மஞ்சக் காச்சலுக்கு ஊசி போட்டயா? போகறக்குப் பத்து நாளு முந்தியே போட்டிருக்கோணும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுல போட்டு மஞ்சக் கலர்ல அட்டை குடுப்பாங்க. அது இல்லாம திரும்பி வந்தீன்னா, நம்மூரு ஏர்போர்ட்டுக்காரனே உன்னை ஆறு நாள் வரைக்கும் தனியா ஒக்கார வெச்சுருவான். மலேரியா மாத்திரையை டாக்டருகிட்டக் கேட்டுக்க. பிளக்கு அங்க சதுரக்காலு மூணு, உன்ர உருண்டைக்காலு நொழையாது.

இத்தனையும் வாங்குனயே, துண்டு எங்கடா? அங்க செம்மண்ணுப் புழுதி மூக்குல அப்பும். மூக்கைக் கட்ட, கேமராவைச் சுத்த, வெய்யலுக்கு முக்காடு போட, குளுருக்குக் காதைப் பொத்த, எல்லாத்துக்கும் என்ர துண்டு ஒண்ணுதான். அங்க மாடு மேய்க்கற மாசாய்க்காரரு ஒருத்தரு, செவப்புக் கட்டம் போட்ட போர்வையைத் தோள்ல போட்டுட்டு, என்ர தோளைப் பாத்துச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். மாட்டைக் காட்டி எத்தனைன்னு சாடையில கேட்டேன். ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சு மூடுனாரு, எண்ண முடியல. உனக்கெத்தனைன்னாரு. ரெண்டு வெரலைக் காட்டுனேன். அந்த மனுசன் மூஞ்சியில வந்த பரிதாபத்தைப் பாக்கோணுமே! டீத்தண்ணி வாங்கிக் குடுத்தாரு.

செரி, பொட்டியைக் கட்டு. அப்படியே அட்டாலி மேல ஏறி அந்தக் கருநீல சஃபாரியை எடு. அந்துருண்டை போட்டுத்தான் வெச்சிருக்கறேன். உன்ர மச்சான் வர்றானல்லோ, அவனுக்கு அளவு கச்சிதமா இருக்கும். அப்புச்சி ஆசையாக் குடுத்தாருன்னு சொல்லு, தாராங்கிரே போற அன்னைக்குத்தான் போடோணும்னும் சொல்லு.