விழுப்புரம் பக்கத்து வெள்ளைக்காரச் சண்டை

பொங்கலுக்கு முதல்நாள் விக்கிரவாண்டி டோல்கேட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு, அங்கே ஒரு காலத்தில் ஆங்கிலேயப் படையே தடுமாறி நின்றது என்றால் ஆச்சரியமாக இருக்காது. 1752இல் மேஜர் கின்னீர் என்பவர் சீமையிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். நம்மூர் வெயில்கூட மேலே சரியாகப் படவில்லை. அதற்குள் செஞ்சிக் கோட்டையைப் பிடித்து வாரும் என்று ஆங்கிலேயக் கவர்னர் சாண்டர்ஸ் அனுப்பிவிட்டார். அனுபவசாலியான தளபதி லாரன்ஸ் வேண்டாம் என்றார். யார் கேட்டார்கள்?

செஞ்சியில் கின்னீர் அண்ணாந்து பார்த்தார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலை. மூன்றையும் சுற்றி மதில். கோட்டையை ஒப்படைக்கச் சொன்னார்; உள்ளேயிருந்த பிரெஞ்சுக்காரர்கள் மரியாதையாக மறுத்தார்கள். சரி என்று திரும்பினால், வழியில் விக்கிரவாண்டியில் புதுச்சேரியின் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் மருமகன் கெர்ஜான் படையோடு உட்கார்ந்திருக்கிறார். மோதல், தோல்வி, கின்னீருக்குக் காயம். காயம் ஆறியது, மானம் ஆறவில்லை. சீக்கிரமே நோயில் விழுந்து செத்தே போனார். மருமகன் புகழும் நீடிக்கவில்லை. சில வாரங்களில் பாகூரில் லாரன்ஸ் அவரைப் பிடித்துப்போட்டார்.

செஞ்சியைப் பிடிக்க ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கானுக்கு 1690 முதல் 1698 வரை ஆனது. புஸ்ஸி என்ற பிரெஞ்சுக்காரர் 1750 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் பிடித்தார். சாதனைதான். ஆனால் செஞ்சிக் கொசுவிடம் யாரும் ஒப்பந்தம் போடவில்லை. ஒரு நேரத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் அங்கே இருந்ததில்லை. பத்து வருஷத்தில் செத்தவர்களோ 1,200 பேர் என்று எழுதிவைத்திருக்கிறார் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஓர்ம். பீரங்கிக்குத் தப்பியவனைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று.

திண்டிவனத்துக்கு வடக்கே வந்தவாசியில் 1760 ஜனவரி 22இல் நடந்ததுதான் பெரிய சண்டை. பாடப்புத்தகம் அதை ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போர் என்கிறது. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், அயர்லாந்தில் பிறந்தவர். பிரெஞ்சுத் தளபதி லாலி, அயர்லாந்திலிருந்து ஓடிப்போன குடும்பத்தின் பிள்ளை. சொந்த ஊரிலேயே பேசித் தீர்த்திருக்கலாம். இத்தனை கடல் தாண்டி வந்து, நம் சிப்பாய்களைக் கூலிக்குப் பிடித்து, வந்தவாசி வயலில் தீர்த்துக்கொண்டார்கள். லாலி இதற்கு முன்பே புதுச்சேரியில் சாதி பார்க்காமல் எல்லோரையும் பீரங்கி வண்டி இழுக்க வைத்தவர். அந்த அளவில் சமத்துவவாதி. இழுத்தவர்கள் யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. தோற்றுப்போய்ப் பாரிஸுக்குத் திரும்பியவரின் தலையை 1766இல் சொந்த அரசாங்கமே வெட்டியது.

செஞ்சியைக் கடைசிவரை பிரெஞ்சுக் கொடியின்கீழ் காத்தவராவது பிரெஞ்சுக்காரரா? இல்லை, மெக்ரிகர், பேரே ஸ்காட்லாந்து. 1761இல் கேப்டன் ஸ்மித் வந்து கோட்டையைக் கேட்டபோது, லட்சம் பேரைக் கூட்டிவந்தாலும் மூன்று வருஷத்தில் பிடிக்க முடியாது என்று ஆள்விட்டுச் சொன்னார். வசனம் பேசிச் சில வாரங்கள்தான் ஆகியிருக்கும், ஏப்ரலில் சாவியைக் கொடுத்துவிட்டார். புதுச்சேரி ஜனவரியிலேயே விழுந்தாயிற்று. சம்பளம் யார் தருவது?

இத்தனை ரத்தத்துக்குப் பிறகு 1763இல் பாரிஸில் ஒரு கையெழுத்து: புதுச்சேரி திரும்பவும் பிரெஞ்சுக்காரருக்கே. அப்புறமும் ஆங்கிலேயர் பிடிப்பதும் திருப்பித் தருவதுமாக 1816 வரை இழுத்தது. கடைசியில் வெள்ளைக்காரர் நமக்கு விட்டுப்போனது கடலே இல்லாத தீவுக்கூட்டம். ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப் 1749இல் டூப்ளேவுக்குத் தானம் கொடுத்த வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்கள் மாதிரியானவைதான் அதற்கு விதை. விழுப்புரத்திலிருந்து பாண்டிக்குப் பஸ் ஏறிப் பாருங்கள்: இந்தப் பக்கத்து வயல் தமிழ்நாடு, அந்தப் பக்கத்துப் பிராந்திக் கடை புதுச்சேரி. திரும்பும் வழியில் மதுவிலக்குப் போலீஸ் பையைத் துழாவும்போது அவர்கள் கட்டிக்காப்பது அசல் பதினெட்டாம் நூற்றாண்டு எல்லையை.

அந்தத் தீவுக்கூட்டத்தில் இருக்கும் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினார்கள். இந்தியாவோடு சேர 170 பேர் ஓட்டுப்போட்டார்கள். எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கை மாறியது. ஆனால் சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று. ஒரே ராத்திரியில் செஞ்சியைப் பிடித்தவர்களுக்கு, ஒரு காகிதத்தைக் கொடுத்து முடிக்க ஏறக்குறைய எட்டு வருஷம்.