அங்கணத்துச் செங்கல்

திருநெல்வேலியில் எங்கள் அடுக்களை மூலையில் அங்கணம் இருந்தது. ஆச்சி அதில் குத்தவைத்து, சாம்பலும் தேங்காய் நாருமாகப் பாத்திரம் விளக்குவாள். சுவரடியில் ஒரு ஓட்டை. கழுவிய தண்ணீர் அது வழியே புறவாசல் வாழைக்குப் போய்விடும். அடைத்துக்கொண்டால் ஒரு தென்னை ஈர்க்கு போதும். ராத்திரி எலி ஏறாமல் இருக்க ஓட்டையில் செங்கல் வைப்பாள்.

இப்போது சென்னையில், மூன்றாவது மாடியில், பளபளக்கும் ஸ்டீல் சிங்க். குடிவந்த சில வாரத்திலேயே சாக்கடை வாடை. பினாயில் ஊற்றிப் பார்த்தேன், சோடா உப்பு போட்டுப் பார்த்தேன். கடைசியில் பிளம்பர் தம்பி சிங்க்குக்குக் கீழிருந்த கதவைத் திறந்து குனிந்தவர், "அக்கா, இதுல ட்ராப்பே இல்லையே" என்றார். வளையங்கள் வைத்த பிளெக்ஸிபிள் பைப் நேராகச் சாக்கடைக் குழாய்க்குள் இறங்கியிருந்தது. கட்டடம் முழுக்க உள்ள கழிவுக் காற்று என் அடுக்களைக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது.

குழாயை வளைத்து, அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீரை நிறுத்தினால் வாடை மேலே வராது; அதுதான் ட்ராப். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் தன் கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றது இந்த வளைவோடுதான். ஆச்சியின் செங்கல் செய்த வேலையை இங்கே இரண்டங்குலத் தண்ணீர் செய்கிறது.

கடையில் முதலில் பாட்டில் ட்ராப்பைத்தான் எடுத்துக் காட்டினார்கள். பார்க்க அழகு; வாஷ்பேசினுக்குச் சரி. அடுக்களைக்கு வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் அதன் அடியில் தங்கிவிடும். உள்பக்கம் வழவழப்பான, வளைந்த குழாயான பி-ட்ராப்தான் சிங்க்குக்கு. அளவும் முக்கியம்: வாஷ்பேசினுக்குப் பெரும்பாலும் 32 மி.மீ., சிங்க்குக்கு 40 மி.மீ. பழைய கப்ளிங்கைக் கையோடு கொண்டுபோனால் இரண்டு நடை மிச்சம். பைப் சாக்கடைக் குழாய்க்குள் நுழையும் இடத்து இடைவெளியை ரப்பர் வளையம் போட்டு மூடச் சொல்லுங்கள். கரப்பான் வரும் வழி அதுதான்.

ட்ராப் இருந்தும் தண்ணீர் வற்றினால் பயனில்லை. 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் பரவியதில், வற்றிக் கிடந்த தரை ட்ராப்புகளுக்கும் பங்கு இருந்ததாக விசாரணையில் தெரியவந்தது.

ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்புகிறீர்களா? பூட்டைத் திறந்ததும் சிங்க்கிலும் குளியலறைத் தரை ட்ராப்பிலும் ஒவ்வொரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள்.