உராய்வு என்றொரு குற்றவாளி

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை வெடித்தால், மறுநாள் செய்தியில் குற்றவாளி தயாராக இருப்பார்: மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு. பாவம், அவருக்கு வக்கீல் கிடையாது; முன்ஜாமீனும் கேட்கமாட்டார். நாலு பேருக்கு அனுமதியுள்ள அறையில் ஒரு கூட்டமே உட்கார்ந்து வேலை பார்த்தது, நேற்றுக் கலந்த மருந்து ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்தது, உரிமம் ஒருவர் பெயரிலும் உற்பத்தி உள்குத்தகைக்காரர் கையிலும் இருந்தது, வேப்பமரத்தடியே தொழிற்கூடமானது, எல்லாம் சில்லறை விவகாரம். தீபாவளி நெருங்க நெருங்க உராய்வுக்கும் ஆர்டர் குவியும் போலிருக்கிறது. (அதிகாரி ஆய்வுக்கு வரும் அன்று மட்டும் உராய்வுக்கு லீவு.)

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரே பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குப் பிறகும் விருதுநகர் மாவட்டத்தில் வெடிவிபத்துகள் நிற்கவில்லை.