கட்டுக்கலை மெனேஜர்

கண்டியில் இவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. மஹியாவையில் ஒருவர் இருப்பார், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இருவர், அக்குறணையில் கடைக்கொருவர். நான் சொல்லப்போவது கட்டுக்கலைக்காரரை. ஒருவரைத் தெரிந்துகொண்டால் மற்றவர்களையும் தெரிந்துகொண்ட மாதிரிதான்.

அடையாளம் கண்கள். காலை எட்டு மணிக்குக் கடைக்கு வரும்போது இரண்டும் செக்கச் செவேலென்றிருக்கும். தெரியாதவர்கள் சாராயம் என்று நினைப்பார்கள். செம்பியன்ஸ் லீக் என்பது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அங்கே வெள்ளைக்காரன் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பார்க்க உட்காரும் ஆட்டம், நமக்கு வெயில் காலத்தில் பன்னிரண்டரைக்கும் குளிர் காலத்தில் ஒன்றரைக்கும் தொடங்கும். தன்னுடைய அணி அந்த லீக்கில் இல்லாத வருடங்களிலும் இவர் விழித்திருப்பார். மற்ற அணிகள் தோற்பதைப் பார்க்க வேண்டுமே!

ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறார். அது வயிற்றுப்பாட்டுக்கு. உண்மையான பொறுப்பு மென்செஸ்டர் யுனைட்டெட். 2013இல் அங்கே மெனேஜராக இருந்த அலெக்ஸ் பெர்குசன் ஓய்வெடுத்த நாளில் அந்தப் பொறுப்பைக் கையில் எடுத்தார். சம்பளத்துக்கு வந்த மொய்ஸ், வான் கால், மொரின்யோ, சோல்ஷா, டென் ஹாக் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் மட்டும் இன்னும் பதவியில் இருக்கிறார். அந்த வருடத்துக்குப் பிறகு டென் ஹாக் காலம் முடியும்வரை பிரிமியர் லீக் கிண்ணம் ஒருதரமும் வரவில்லை என்பதற்கு இவரைக் குறை சொல்ல முடியாது. இவர் சொன்ன ஒன்றையும் அவர்கள் கேட்கவில்லை.

"நடுவுல ஆளே இல்ல மச்சான். ரெண்டு வருஷமா தொண்ட கிழியச் சொல்றேன்."

"யாருகிட்டண்ணே சொன்னீங்க?"

"எல்லாருகிட்டயும்தான்."

தேத்தண்ணிக் கடை மேசைதான் ஓல்ட் ட்ரெபர்ட் மைதானம். பணிஸ் தட்டு கோல் கம்பம். சீனிப் போத்தல் பின்வரிசையில் அசையாமல் நிற்கும். அசையாமல் நிற்பதுதான் நம் பின்வரிசையின் வியாதி என்று அதைக் காட்டியே விளக்குவார். குடித்து முடித்த ப்ளேன்டி கிளாஸ்கள் நடுக்களத்துக்கு நகரும். முதலாளி வந்து ஒரு கிளாஸில் கை வைப்பார்.

"மெனேஜர், இத கழுவணும்."

"இவன எடுத்துட்டா நடுவுல யாரு முதலாளி?"

"கழுவிட்டுத் திருப்பித் தாறேன்."

"லோன்ல போறவன் திரும்பி வாறதில்ல முதலாளி!"

காசு விஷயத்தில் மெனேஜர் இரண்டு மனிதர். ப்ளேன்டி பத்து ரூபாய் ஏறியபோது ஒரு வாரம் எதிர்க்கடைக்குப் போனவர் இவர். குட்செட் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குத் த்ரீவீல்காரன் கேட்கும் சல்லிக்குப் பேரம் பேசிப் பேசியே பாதி வழி நடந்துவிடுவார். ஆனால் 2017இல் பாரிஸ் கழகம் நெய்மாருக்காக 222 மில்லியன் யூரோ கொடுத்தபோது, "பரவாயில்ல, நியாயமான வெலதான்" என்றார். அதே வருடம் ஹார்ட்வெயார் கடை முதலாளி இவருடைய சம்பளத்தை ஆயிரம் ரூபாய் கூட்டியதை "யோசிக்காத செலவு" என்று ஒருவரும் சொல்லவில்லை என்பது தனிக் கதை.

கணக்கப்பிள்ளை மூளை வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. அங்கே அவரை மிஞ்ச ஆளில்லை. 2005இல் கிளேசர் குடும்பம் யுனைட்டெட்டை எப்படி வாங்கியது என்று ஒருநாள் ஒரு கம்பஸ் பையன் கேட்டான். பேராதனையில் பொருளியல் படிக்கிறவன். மெனேஜர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"தம்பி, ஒன்ட வீட்ட நான் வாங்குறேன். என்கிட்ட முழுச் சல்லி இல்ல. ஒன்ட வீட்டயே அடகு வெச்சுக் கடன் எடுத்து ஒனக்கே தாறேன். வீடு என் பேருக்கு வந்துடும். கடன் வீட்டுப் பேர்ல நிக்கும். வட்டிய வீட்ல குடியிருக்கிறவன் கட்டணும். வெளங்குதா?"

பையனுக்கு விளங்கியது. அந்தக் கடையில் வடை தின்றுகொண்டிருந்த அத்தனை பேருக்கும் விளங்கியது. நாட்டுக் கடனைப் பற்றியும் இவரை ஒருதரம் பேசவிடலாமே என்று எனக்குத் தோன்றியது.

இப்படி எல்லாம் தெரிந்தவர் போட்டிருக்கும் சட்டையைப் பாருங்கள். பேமன்ட் கடையில் வாங்கியது. நெஞ்சில் செவ்ரோலே கார்க் கம்பனிச் சின்னம். 2014 தொடக்கம் 2021 வரை யுனைட்டெட் வீரர்கள் அதைச் சுமந்துகொண்டுதான் ஓடினார்கள். வேடிக்கை என்னவென்றால், 2013 கடைசியிலேயே அந்தக் கம்பனி மேற்கு ஐரோப்பாவில் செவ்ரோலே விற்பதை நிறுத்திக்கொள்ளப் போவதாக அறிவித்துவிட்டது. ஆக மென்செஸ்டர் ரசிகனுக்கு அந்தச் சின்னத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. கோடி கோடியாய்க் கொட்டியது கடல் கடந்திருக்கும் நம் மெனேஜர் போன்றவர்களின் கண்ணுக்காக. அவரோ த்ரீவீலுக்கே பேரம் பேசுகிறவர்.

இவரை வெறும் வேடிக்கை மனிதர் என்று காற்பந்து வியாபாரிகள் நினைப்பதில்லை. 2022 முதல் 2025 வரையான ஒப்பந்தக் காலத்தில், பிரிமியர் லீக்குக்கு வெளிநாட்டு ஒளிபரப்பால் வந்த பணம் உள்நாட்டுப் பணத்தை முதல் தடவையாக முந்தியது. இன்னொன்றும் இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டத்தை இங்கிலாந்தில் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது. உள்ளூர் மைதானங்களுக்குக் கூட்டம் குறைந்துவிடும் என்பதற்காகப் போட்ட தடை அது. மைதானத்துக்குப் பத்து வீடு தள்ளி இருக்கிறவன் வானொலியைக் காதில் வைத்துக்கொண்டிருக்கும்போது, கட்டுக்கலையில் இவர் குளிர் காலத்தில் இரவு எட்டரைக்குக் கொத்துப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு முழு ஆட்டத்தையும் பார்ப்பார். நம் மைதானங்களுக்குக் கூட்டம் குறையுமே என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

கொள்கையும் உண்டு இவரிடம். 2021 ஏப்ரல் 18ஆம் திகதி பன்னிரண்டு பணக்காரக் கழகங்கள் சேர்ந்து சுப்பர் லீக் என்று தனிக்கடை போடப்போவதாக அறிவித்தபோது, யுனைட்டெட்டும் அதில் இருந்தது. மெனேஜர் மனம் நொந்து அன்றே இராஜினாமாச் செய்தார். வட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகினார். இரண்டே நாளில் இங்கிலாந்துக் கழகங்கள் ஆறும் பின்வாங்கின. இவரும் குழுவுக்குத் திரும்பினார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று வெளியே சொல்லிக்கொள்வதில்லை, யாராவது கேட்டால் மறுப்பதும் இல்லை. 2022 கடைசியில் ரொனால்டோ சவூதியின் அல் நஸ்ர் கழகத்துக்குப் போனபோது, "போல் செத்துப் போச்சு மச்சான், எண்ணெய்க் காசு கொன்னுடுச்சு" என்று அடக்க வீட்டுக் குரலில் அறிவித்தார். ரியாத்தில் ட்ரைவராக இருக்கும் மச்சினன் அல் நஸ்ரின் மஞ்சள் சட்டை ஒன்றை அனுப்பி வைத்தான். செத்தது மெல்ல எழுந்து உட்கார்ந்தது.

பீபா ஊழல் என்றால் இவருக்கு வாய் ஓயாது. 2015 மே மாதம் சூரிச் ஹோட்டலில் அதிகாரிகளைப் பொலிஸ் அள்ளிக்கொண்டு போனதைப் பக்கத்து அறையில் தங்கியிருந்து பார்த்தவர் போல வர்ணிப்பார். "நம்ம நாட்டு ஆள் ஒருத்தரும் பீபா நிர்வாகக் குழுவுல இருந்தாரே, மணிலால் பெர்னாண்டோ? 2013ல அவருக்கு ஆயுள் தடையே போட்டாங்களே?" என்று முதலாளி ஒருநாள் கேட்டார். மெனேஜர் முதலாளியை மேலும் கீழும் பார்த்தார்.

"லோக்கல் நியூஸ் நான் பார்க்கிறதில்ல."

பார்ப்பதில்லைதான். கண்டிக்காரனுக்கு விளையாட்டு என்றால் நித்தவெலவில் ரக்பி, பல்லேகலையில் கிரிக்கெட். காற்பந்துக்கு என்று மிஞ்சியது போகம்பறை மைதானம். கட்டுக்கலையிலிருந்து நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் அங்கே புழுதி கிளப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் மெனேஜர் முந்தின இரவின் கடனைத் தூங்கித் தீர்த்துக்கொண்டிருப்பார். "வாங்கண்ணே, போய்ப் பார்ப்போம்" என்று கூப்பிட்டால், "அங்க ஸ்லோ மோஷன் இல்லியே" என்பார். 1995இல் இந்தியாவைத் தோற்கடித்து இலங்கை தெற்காசியக் கிண்ணம் வென்றது இவருக்குப் புராணக் கதை. 2021 நவம்பரில் கொழும்பு ரேஸ்கோர்ஸில் மாலைதீவுக்கு எதிராக நான்கு கோல் பின்தங்கியிருந்து, ஜெர்மனியில் வளர்ந்த வசீம் ராசிக்கின் புண்ணியத்தால் 4-4 என்று சமன் செய்தோம். பிறகு அதே தொடரின் இறுதியாட்டத்தில் பெனல்டியில் சீஷெல்ஸிடம் கோட்டை விட்டோம். நெஞ்சு வெடிக்கும் ஆட்டங்கள். மெனேஜரிடம் ராசிக் என்று சொன்னால், "எந்த க்ளப்? எவ்வளவுக்கு வாங்கினாங்க?" என்பார்.

இனி 2023 ஜனவரி. 21ஆம் திகதி, மூன்றாம் தரப்புத் தலையீடு என்று சொல்லி பீபா இலங்கைக் காற்பந்துச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. தேசிய அணிக்குச் சர்வதேச ஆட்டம் கிடையாது, கழகங்களுக்கும் கிடையாது. மறுநாள் இரவு மெனேஜர் வீட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமை கடைக்கும் போகவில்லை. மனைவி கஞ்சி வைத்துக் கொடுத்தும் தொடவில்லை. முதலாளி இரண்டு பணிஸைச் சுற்றி எடுத்துக்கொண்டு நலம் விசாரிக்கப் போனார்.

"விடுங்க மெனேஜர். தடை போட்டவன் எடுக்காமலா போவான்? நாட்டுக்காக இவ்வளவு மனசு விடலாமா?"

"என்ன தடை?" என்று எழுந்து உட்கார்ந்தார் மெனேஜர். "தொண்ணூறாவது நிமிஷம், முதலாளி! என்கெட்டியாவ தனியா விட்டுட்டு எல்லாரும் எங்க பார்த்துக்கிட்டு நின்னாங்க?"

22ஆம் திகதி இரவு ஆர்சனலின் என்கெட்டியா அடித்த அந்தக் கடைசி நிமிடக் கோலால் யுனைட்டெட் 3-2 என்று தோற்றிருந்தது.

அந்தத் தடையால் அவ்வருடம் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்துக்கு இலங்கை போகவில்லை. ஓகஸ்ட் கடைசியில் தடை நீங்கியது. மெனேஜருக்கு இதை இன்னும் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. கட்டுக்கலைப் பக்கம் போகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ட்ரான்ஸ்பர் காலம் முடியட்டும், இப்போது வேலையாக இருப்பார்.