சில்லியும் சில சங்கதிகளும்

அமெரிக்காவின் ‘சிக்கன் சில்லி’யும் நம்ம ஊர் ‘சில்லி சிக்க’னும் ஒன்றுதானே?

சொல்லைத் திருப்பிப் போட்டால் சட்டியே மாறிவிடும்! நம்முடையது தட்டில் வரும் வறுவல். அவர்களுடையது கிண்ணத்தில் வரும் கெட்டிக் குழம்பு. மூலப் பெயரான ‘சில்லி கான் கார்னே’வுக்கு ஸ்பானிய மொழியில் ‘இறைச்சியோடு மிளகாய்’ என்று பொருள். அங்கே மிளகாய்தான் மாப்பிள்ளை, கறி வெறும் தோழன்.

டெக்சாஸ்காரரிடம் கோழியும் பீன்ஸும் போட்ட சில்லியை நீட்டினால்?

“சூப் பிரமாதம்” என்பார்! 1977-இல் சில்லியை மாநில உணவாகவே அறிவித்த ஊர் அது. மாட்டிறைச்சிதான், பீன்ஸ் கூடாது என்பது அங்கே பழைய கட்சி. கோழி, வெள்ளை பீன்ஸ், பச்சை மிளகாய், சீரகம் சேர்ந்தால் அதற்கு ‘வெள்ளை சில்லி’ என்று தனிப்பெயர்.

வீட்டில் செய்தால் தண்ணீராக ஓடுகிறதே, பிடித்து நிறுத்த வழி?

வழி சட்டிக்குள்ளேயே இருக்கிறது. வெந்த பீன்ஸில் ஒரு கைப்பிடி மசித்துச் சேருங்கள். நெஞ்சுக்கறியை விடத் தொடைக்கறி நல்லது. நெடுநேரம் கொதித்தாலும் வறளாது. சிவப்பு ராஜ்மா போடுவதானால், இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்து வேகவிடுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றுக்கு நஞ்சு.